பசியும் கீற்றோனும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயில்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியாரின் வணிக மூலதனம் கொழும்பில் வேரூன்றிய காலத்தின் சின்னங்களாகும். பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் அரிசி இறக்குமதியாவதற்கு அம்மூலதனம் பெரிதும் துணைபுரிந்தது. அவ்வரிசியே தோட்டத் தொழிலாளரின் உணவாயிற்று. அக்கோயில்களிற் கந்தசஷ்டி விரதம் இருப்போரின் உடலில் நிகழும் மாற்றமும், சோறின்றிக் கிடந்த தொழிலாளியின் உடலில் நிகழ்ந்த மாற்றமும் தொடக்கத்தில் ஒன்றே. அம்மாற்றத்தின் விளைபொருளான கீற்றோன் இன்று போத்தலில் அடைத்து விற்கப்படுகின்றது. இம்மூன்று நிலைகளையும் ஒருங்கே நோக்குதல் பயனுடைத்து எனக் கருதுகின்றோம்.

உணவு நின்றால், ஈரலிற் சேமிக்கப்பட்ட கிளைக்கோசன் ஏறத்தாழ ஒரு நாளில் தீர்ந்துவிடும். இன்சுலின் தாழ்கின்றது, கொழுப்பு உடைகின்றது, விடுபட்ட கொழுப்பமிலங்களை ஈரல் கீற்றோன்களாக மாற்றுகின்றது. 1967இல் பொஸ்ரன் நகரில் ஜோர்ஜ் கேஹில் குழுவினர், ஐந்து வாரங்களுக்கு மேல் உணவு தவிர்த்திருந்தோரின் மூளை தனது எரிபொருளின் பெரும்பகுதியைக் கீற்றோனிலிருந்தே பெற்றதைக் காட்டினர். தசைப் புரதம் விரைந்து அழியாமற் காப்பதும் இவ்வேற்பாடே. ஆயின் ஆராயப்பட்டோர் பருத்த உடலினர் என்பதை மறத்தலாகாது. கொழுப்புத் தீர்ந்தபின் உடல் தன் தசையையே எரிக்கத் தலைப்படும்.

எனவே பட்டினியைத் தாங்கும் ஆற்றலும் வர்க்க நிலைக்குப் புறம்பானதன்று. 1953இற் பங்கீட்டரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறக்க நேர்ந்தது. 1973–74ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டப்புற மரணவீதம் வெகுவாக உயர்ந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட அம்மக்களிற் பெரும்பாலோரிடம் பயிரிட நிலமுமில்லை, வாக்குமில்லை. உடலிற் சேமித்த கொழுப்போ அதனினும் அரிது.

கீற்றோன் பானத்தின் தோற்றுவாய் வேறிடத்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பாதுகாப்புத்துறையின் ஆராய்ச்சி நிதியைப் பெற்று, ஒக்ஸ்போர்ட் அறிஞர் கியரன் கிளார்க்கும் அமெரிக்க அறிஞர் ரிச்சர்ட் வீச்சும் கீற்றோன் எசுத்தரை உருவாக்கினர். போர்வீரரின் களைப்பு நீக்க எழுந்த முயற்சி, பின்னர் சைக்கிளோட்ட வீரரிடமும் உடல் மெலிய விழைவோரிடமும் வந்து சேர்ந்தது. (போர்க்களத்திலிருந்து சந்தைக்கு வந்த உணவுகளுள் இது முதலாவதன்று.)

இதனைக் குடித்தவரின் குருதியில், பல நாட் பட்டினியின் பின்னரே எய்தக்கூடிய கீற்றோன் அளவு ஒரு மணித்தியாலத்துள் தோன்றும். குளுக்கோசு ஓரளவு தாழும். ஆனாற் கொழுப்பு கரையும் என்ற விளம்பரம் அனுசேபத்தின் இயல்புக்கு முரணானது. மிகுந்த கீற்றோன் கொழுப்பு உடைவதைத் தடுப்பதால், குருதியிலுள்ள கொழுப்பமிலங்கள் குறைகின்றன. பட்டினியிற் கீற்றோன் உடற்கொழுப்பு எரிந்ததன் விளைவு. பானத்திலோ அது வெளியிலிருந்து வந்த மேலதிகக் கலோரி. விளைபொருளை அதனைத் தோற்றுவித்த நிலைமையினின்று பிரித்துப் பண்டமாக்கியபின், அந்நிலைமையின் பயனையும் சேர்த்து விற்பதாகச் சொல்வதே இவ்வணிகம். குடித்த சில மணித்தியாலங்களிற் குருதி முன்னைய நிலைக்கே மீள்கின்றது.