புதுக்கோட்டை கற்ற மிதிவண்டி

திருப்பூரின் காலைப் பணிமுறைக்கு வண்டியோட்டி விரையும் பெண்களைக் காணுந்தோறும் நமக்குப் புதுக்கோட்டை நினைவுக்கு வரும். 1991இல் அங்கு அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், பெண்கள் வண்டி வாங்க வங்கிக்கடனுக்கும் வழி செய்தார். கல்குவாரித் தொழிலாளர், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர் எனப் பலரும் கேலிப்பேச்சைப் பொருட்படுத்தாது கற்றனர். 1992 மகளிர் தினத்தன்று கைப்பிடியில் கொடி பறக்க 1,500 பெண்கள் நகரை வலம் வந்தனர். கற்றவர் ஒரு லட்சத்துக்கும் மேல் என்கிறார் பத்திரிகையாளர் பி. சாய்நாத். பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது ஆண்கள் வண்டியையே வாங்கினர். குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் அல்லவா? பேருந்துக்குக் காத்திருந்த பொழுதும், தந்தையையோ கணவனையோ எதிர்பார்த்து நின்ற நிலையும் குறைந்தன. எழுத்தைவிட இதுவே பெரிய விடுதலை என்பது நம் கருத்து.

பின்னர் 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது பிற மாணவர்க்கும் விரிந்தது. வண்டி வந்தது, அதற்கான தடம் வரவில்லை. பல்லடம் சாலையில், இரவுப்பணி முடித்த பனியன் தொழிலாளர் பின்விளக்கில்லாத மிதிவண்டிகளில் லாரிகளை ஒட்டியே வீடு திரும்புகின்றனர்.