தகரப்பெட்டியும் செக்ரோலும்

இலங்கையின் ஹட்டன், நுவரெலியாத் தேயிலைத் தோட்டங்களில் பொழுது, காலையில் ஆள் எடுக்கும் பிரட்டுக்களத்தில்தான் விடிந்தது. அங்கே பேர் விழுந்தால்தான் அன்றைக்குக் கூலி. யார், எந்த நாள் வேலை செய்தார் என்ற கணக்கு செக்ரோலில் ஏறும். செக்ரோல் தோட்ட ஆபீசில் இருக்கும். தொழிலாளியிடம் இருந்தது, லயம் என்ற வரிசை வீட்டின் காம்பராவில் ஒரு தகரப்பெட்டி. பிறப்புப் பத்திரம், கலியாணப் பதிவு, அரிசிக் கூப்பன் என்று எல்லாம் அதற்குள்ளே. எல்லாமே ஒரே பிரதி.

அது போதாது என்பது 1949இல் தெரிந்தது. முந்தைய ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியிருந்தது. இப்போது வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம், 1946 ஜனவரி 1க்கு முன் இடைவிடாது இங்கே வாழ்ந்ததைக் காட்டச் சொன்னது: மணமானவர் 7 ஆண்டு, மணமாகாதவர் 10 ஆண்டு. இந்தியாவிலுள்ள ஊருக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் தங்கிவிட்டால் கணக்கு அறுந்தது. சாட்சிக்குச் செக்ரோலைத்தான் தேட வேண்டும். அது இருந்த அலமாரியின் சாவியோ தோட்ட நிர்வாகியான துரையிடம். தன் வாழ்க்கையின் மறுபிரதியைப் பார்க்க இன்னொருவரிடம் கைகட்டி நிற்க வேண்டுமென்றால், அது யாருடைய பிரதி? சுமார் 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு.

பிறகு 1977, 1983இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைகளில் வீடுகளோடு பெட்டிகளும் எரிந்தன. 2003ஆம் ஆண்டுச் சட்டம் மிச்சமிருந்தவர்களுக்குக் கதவைத் திறந்தபோதும், 1964 அக்டோபர் 30 முதல் இங்கே வசித்தவர் அல்லது அவர் வழிவந்தவர் என்பதே தகுதி. மீண்டும் பழைய தேதி!

2014 அக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்தன. ஆட்களே புதைந்த இடத்தில் காகிதத்தை யார் தேடுவது?

இன்றைய தகரப்பெட்டி வீட்டுக் கணினி. படங்களும் பத்திரங்களும் அதில்தான், பல வீடுகளில் இன்னும் ஒரே பிரதியாக. கணினிக்காரர்கள் சொல்லும் கணக்கு எளிது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில். கணினியில் ஒன்று, ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று. ஆனால் ஹார்ட் டிஸ்க்கை எந்நேரமும் கணினியில் செருகியே வைத்தால், இடி விழும் நாளில் இரண்டும் சேர்ந்து போகும். கிளவுடின் கடவுச்சொல் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் அதுவும் துரையின் அலமாரிதான்.

கொழும்பில் வேலை செய்யும் பிள்ளையிடம் இன்னொரு டிஸ்க்கைக் கொடுத்து வையுங்கள். தீபாவளிக்கு வரும்போது கொண்டுவரச் சொல்லி, பழைய படம் நான்கைத் திறந்து பார்த்து, புதியதைச் சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள்.