கொழுப்புத் திசுவின் மேல்மரபியல் மாற்றங்கள்

டி.என்.ஏ.வின் எழுத்து வரிசை மாறாமலே, அதில் ஒட்டும் மெத்தில் தொகுதிகளாலும் அது சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் மாற்றங்களாலும் மரபணுக்களின் செயல்பாடு கூடுவதும் குறைவதும் மேல்மரபியல் மாற்றம். உடல் பருக்கும்போது கொழுப்புச் செல்களிலும் இது நிகழ்கிறது. எடை குறைந்த பின்னும் அச்செல்கள் பழைய பருமனின் தடத்தைச் சுமப்பதை 2024இல் சூரிச் ஆய்வாளர்கள் காட்டினர். ஆகவே இழந்த எடை திரும்ப ஏறினால் அதை மனவுறுதிக் குறை என்று பழிப்பது நியாயமன்று. நம் நாட்டில் கதை கருவறையிலேயே தொடங்குகிறது: இந்தியக் குழந்தைகள் எடை குறைவாகப் பிறந்தாலும் அவர்களின் உடற்கொழுப்பு அந்த அளவுக்குக் குறைவதில்லை என்பதைப் புனேயில் சி. எஸ். யாக்னிக் குழு கண்டறிந்தது. தாயின் ஊட்டக்குறை மேல்மரபியல் மாற்றங்கள் வழியே, நீரிழிவுக்கு இட்டுச்செல்லும் இன்சுலின் எதிர்ப்பைப் பிள்ளைக்குப் பிற்காலத்தில் தூண்டக்கூடும். ஒல்லியான தமிழருக்கும் நீரிழிவு வருவதை இந்த நோக்கில் ஆராய்வது அவசியம். ஏனெனில் 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளோர் 10.1 கோடி.