கிட்னிக்குள் ஓயாத அலர்ட்

எங்க விம்கோ நகர்ல மெட்ரோ ஏறி வண்ணாரப்பேட்டையில இறங்கினா, ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம்தான். 1948-ல் டாக்டர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்று தனி கிளினிக் தொடங்கியது அங்கேதான். 1954-ல் ராயபுரத்தில் சொந்த மருத்துவமனையும் வந்தது.

அதுக்கு முன்னாடியே, 1936-ல், கிம்மல்ஸ்டீல், வில்சன்னு ரெண்டு பேர் சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரக வடிகட்டியில் முடிச்சு முடிச்சா தழும்பைப் பார்த்துட்டாங்க. ஆனா தழும்பு போடச் சொன்னது யாரு?

பதில் செல்லுக்குள்ள இருந்தது. சர்க்கரை ஏறினா பி.கே.சி. என்ற புரதம் விழிக்குது, டி.ஜி.எஃப்-பீட்டாவைக் கிளப்புது. காயத்தை ஆத்தச் சொல்ற சிக்னல் அது. ஆபீஸ்ல அலர்ட் வந்தா சரிபண்ணி மூடிடுவோம். இங்கே சர்க்கரை ஏறியே இருந்தா அலர்ட் ஓயாது. நார் மேல நார் சேர்ந்து வடிகட்டி கெட்டிப்படும். சிறுநீர்ல புரதம் ஒழுகும்.

ரத்த அழுத்தத்தை ஏத்துற ஆஞ்சியோடென்சினும் இதே சிக்னலைத் தூண்டும். ஆஞ்சியோடென்சின் உருவாகாம தடுக்கிறது கேப்டோபிரில். முதல் வகை நீரிழிவால் கிட்னி பாதித்த 409 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 1993-ல் வந்தது: இந்த மாத்திரை எடுத்தவங்களுக்கு மரணம், டயாலிசிஸ், மாற்று சிறுநீரகம் என்ற அபாயம் ஏறக்குறைய பாதியாச்சு.

எங்க அப்பாவுக்கு 15 வருஷமா சுகர். ரத்தம் மட்டும்தான் பார்த்துட்டு இருந்தோம். போன வருஷம் முதல்முறையா சிறுநீர்ல ஆல்புமின் பார்த்தோம், கசிவு ஆரம்பிச்சிருந்தது. வலியில்ல, வீக்கமில்ல. மாத்திரை ஆரம்பிச்சாச்சு. உங்க வீட்டுலயும் சுகர் இருந்தா, வருஷத்துக்கு ஒருமுறை அந்த டெஸ்ட்டைக் கேட்டு எடுங்க.