சவரக்கத்தியும் தீட்டுக்கல்லும்: ஒரு கைத்திறனின் வரலாறு

கருவிகளைப் பற்றிக் கூறும் வரலாற்று நூல்கள் அக்கருவிகளைப் பேணிய கைத்திறன்களைப் பற்றிக் கூறுவது குறைவு. சவரக்கத்தியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவிலே தோன்றிய ஜில்லெற் சவரக்கருவி பழைய மடக்குக் கத்தியைப் பின்தள்ளியமைக்கு அதன் பாதுகாப்பே காரணம் என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். 'பாதுகாப்புச் சவரக்கத்தி' என்ற பெயரும் இவ்விளக்கத்திற்குத் துணைநிற்கின்றது. ஆயின் சான்றுகளை ஒழுங்குபட நோக்குமிடத்து, மடக்குக் கத்தியை வீழ்த்தியது வெட்டுக்காயம் பற்றிய அச்சமன்று, அதனைத் தீட்டும் திறன் பெரும்பாலானோரிடம் இல்லாதிருந்தமையே என்பது புலனாகும். இதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் அத்திறன் யாதென அறிதல் வேண்டும். மடக்குக் கத்தியின் அலகிற்குத் தடித்த முதுகும் மெல்லிய வாயும் உண்டு. தீட்டும்போது முதுகும் வாயும் ஒருங்கே கல்லிற் படிதல் வேண்டும். அவ்வாறு படியும்போது வாயின் கோணத்தைக் கத்தியின் அமைப்பே தீர்மானித்துவிடுகின்றது. அது ஏறத்தாழ 16 முதல் 18 பாகை வரையிலாகும். ஆகவே கோணத்தைக் காக்கும் பொறுப்பு கைக்கு இல்லை. கைக்குரிய பொறுப்பு அழுத்தத்தை அறிதலாகும். பருங்கல்லில் வாயின் இரு பக்கமும் முழு நீளத்திற்கும் சந்திக்கும்வரை தேய்த்து, பின்னர் நுண்கல்லில் அத்தேய்ப்பின் கீறல்களை அகற்றி, இறுதியிலே தோல்வாரில் முதுகு முன்செல்ல இழுத்து வாயை ஒழுங்குசெய்ய வேண்டும். குறைவாகத் தீட்டினால் கத்தி மயிரைப் பிடுங்கும். மிகையாகத் தீட்டினால் வாயில் மெல்லிய பிசிர் எழுந்து, முதல் இழுப்பிலே கூராகத் தோன்றி, அடுத்த இழுப்பிலே முறிந்து தோலை எரிக்கும். கூர்மை வேறு, இதம் வேறு. இவ்விரண்டும் ஒன்றுசேரும் இடத்திலே நிறுத்தத் தெரிவதே தீட்டுவோனின் அறிவாகும். கல்லின் ஓசையாலும் விரலின் உணர்வாலும் அறியப்படும் இவ்வறிவு சொற்களுக்குள் எளிதில் அடங்குவதன்று.

அதனைச் சொற்களுக்குள் கொண்டுவர முயன்றோருள் முக்கியமானவர் பாரிஸ் நகரத்துக் கத்தி வினைஞரான ஜோன் ஜாக் பெரே என்பவராவார். தாமாகவே சவரம் செய்துகொள்ளக் கற்பிக்கும் நூலொன்றை அவர் 1769இல் வெளியிட்டார். அந்நூலின் நீண்ட தலைப்பு, தீட்டுக்கற்களை இனங்காணும் வகையையும், கத்தியை இழுப்பதற்கான தோலைப் பதப்படுத்தும் வகையையும் தான் கற்பிப்பதாக அறிவிக்கின்றது. தச்சரின் இழைப்புளியை ஒத்த காப்பொன்று பொருத்தப்பட்ட கத்தியையும் பெரே விவரித்துள்ளார். சவரத்தைக் கற்பிக்க முனைந்தவர் கல்லையும் தோலையும் பற்றித் தலைப்பிலேயே கூற நேர்ந்தமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. கத்தியைப் பிடிக்கக் கற்பவன், அதனைத் தீட்டவும் கற்றாலன்றித் தொழிலாளியின் தயவிலிருந்து விடுபட முடியாது என்பதை அவ்வினைஞர் நன்கு அறிந்திருந்தார்.

இக்காலப் பகுதியிலே உருக்கும் மாற்றமடைந்து வந்தது. மணிக்கூட்டு வினைஞரான பெஞ்சமின் ஹன்ற்ஸ்மன் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகருக்கு அண்மையில் 1740களிலே மூசையில் உருக்கை உருக்கி வார்க்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். ஒருசீரான இவ்வுருக்கு நுண்ணிய வாயைத் தாங்கவல்லதாயிருந்தது. மூசை உருக்கு எமது பிரதேசங்களுக்குப் புதியதன்று. தென்னிந்தியாவில் நெடுங்காலமாக வழங்கிய இவ்வுருக்கை ஐரோப்பியர் 'வூற்ஸ்' என அழைத்தனர். அப்பெயர் கன்னட 'உக்கு', தமிழ் 'உருக்கு' ஆகிய சொற்களோடு தொடர்புடையதெனப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. இலங்கையில் நிலவிய மூசை உருக்கு முறையினை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட தமது நூலிலே பதிவுசெய்துள்ளார். 1795இல் வூற்ஸ் பற்றிய ஆய்வுரையொன்று இலண்டன் றோயல் சங்கத்தின் முன் வைக்கப்பட்டது. இலண்டன் கத்தி வினைஞரான ஜேம்ஸ் ஸ்ரோடாட் அவ்வுருக்கினாற் கருவிகள் செய்தார். பின்னர் அவரும் மைக்கல் பரடேயும் இணைந்து உருக்குக் கலவைகளை ஆராய்ந்து 1820இலும் 1822இலும் கட்டுரைகள் வெளியிட்டனர். அக்கலவைகளாற் செய்யப்பட்ட சவரக்கத்திகளைப் பரடே நண்பர்களுக்குப் பரிசளித்தார்.

கற்களின் வரலாறும் இத்தகையதே. பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் அகழப்படும் வெளிர்மஞ்சட் கல் சவரக்கத்திக்கெனப் பெரிதும் விரும்பப்பட்டது. அக்கல்லினுள் செறிந்துள்ள நுண்ணிய காணெற்று மணித்துகள்களே உருக்கைத் தேய்ப்பவை. ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என வழங்கும் வன்கனியத்தின் பெயர் 'குருந்தம்' என்ற எமது சொல்லிலிருந்து சென்றதாகும். உருக்கிற்கும் கல்லிற்கும் ஆராய்ச்சியாளரும் வணிகரும் பெயரிட்டுப் புகழ் சேர்த்தனர். அவ்விரண்டையும் இணைத்த கையின் அறிவோ பெயரின்றியே நின்றது.

அவ்வறிவு இல்லாதாரின் கவலை விரைவிலேயே வணிகப் பொருளாயிற்று. 1790களில் ஜோர்ஜ் பக்வூட் என்னும் இலண்டன் வணிகர் தோல்வார்களையும் அவற்றிற் பூசும் பசையையும் வேடிக்கைக் கதைகள், உரையாடல்கள் வடிவிலான பத்திரிகை விளம்பரங்கள் மூலம் விற்றார். அவ்விளம்பரங்களைத் தொகுத்து 1796இல் நூலாகவும் வெளியிட்டார். கத்தி வாங்கியவன் அதனைப் பேண இயலாமல் தவித்தான் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கத்தி வாயின் இதத்திற்குப் பிறர் செலுத்திய விலையையும் வரலாறு மறத்தலாகாது. பாவனையாளனின் கல்லுக்கு வருமுன்னரே, ஷெபீல்டின் சாணைத் தொழிலாளர் சுழலும் பெருங்கற்களில் ஒவ்வோர் அலகையும் உருவாக்கினர். கல்லிலும் உருக்கிலும் இருந்து எழுந்த தூள் அவர்களது நுரையீரலை அழித்தது. ஷெபீல்ட் மருத்துவரான ஆணல்ட் நைற் 1830இல் இந்நோய் பற்றி எழுதினார். நீரின்றிச் சாணை பிடிப்போர் 35 வயதை எட்டுவதே அரிது எனவும், நீரிட்டுப் பிடிப்போர் 45 வயதைக் கடப்பது அரிது எனவும் அவர் கூறியதை ஏங்கெல்ஸ் 1845இல் வெளியான தமது நூலில் எடுத்தாண்டுள்ளார். கனவான் ஒருவரின் கன்னத்து மென்மையும் ஒரு தொழிலாளியின் மூச்சும் ஒரே கல்லிற் தேய்ந்தன.

இனி எமது முதன்மை வினாவிற்கு வருவோம். பாதுகாப்பே காரணமாயின், காப்புப் பொருத்திய கத்தி தோன்றியவுடனே மடக்குக் கத்தி மறைந்திருத்தல் வேண்டும். பெரே விவரித்த காப்பு 18ஆம் நூற்றாண்டுக்குரியது. நியூயோர்க்கிலே கம்வே சகோதரர்கள் 1880இல் காப்புரிமை பெற்ற சவரக்கருவி ஓரளவு விற்பனையானதெனினும் மடக்குக் கத்தியின் இடத்தைப் பிடிக்கவில்லை. அதன் குறுகிய அலகையும் கழற்றித் தோலில் இழுக்கவும் கல்லில் தீட்டவும் வேண்டியிருந்தது. காயம் குறைந்தது; உழைப்புக் குறையவில்லை.

1895இல் ஒருநாட் காலை கிங் காம்ப் ஜில்லெற் என்ற விற்பனை முகவர், தமது கத்தி தோல்வாராற் சீர்படும் நிலையைக் கடந்து மழுங்கியிருந்ததைக் கண்டார். சவரத் தொழிலாளரிடமோ கத்தி வினைஞரிடமோ கொண்டு சென்றாலன்றி அது பயன்படாது என்ற நிலையிலேயே, தீட்ட வேண்டாத, மழுங்கியதும் எறிந்துவிடத்தக்க அலகு பற்றிய எண்ணம் தோன்றியதாக அவரே பின்னர் எழுதினார். மெல்லிய தகட்டு உருக்கைக் கடினமாக்கித் தீட்டும் பொறிகளை வில்லியம் நிக்கர்சன் உருவாக்கினார். 1903இல் விற்கப்பட்டவை 51 கருவிகளும் 168 அலகுகளுமே. காப்புரிமை கிடைத்த 1904இலோ விற்பனை 90,000 கருவிகளைத் தாண்டியது. 1917இல் ஐக்கிய அமெரிக்கா போரில் இறங்கியபின் அதன் அரசு படையினருக்கென ஏறக்குறைய 35 இலட்சம் கருவிகளைக் கொள்வனவு செய்தது. பதுங்குகுழியிலே கல்லுக்கும் தோலுக்கும் இடமுமில்லை, கற்பதற்குக் காலமுமில்லை.

ஆகவே ஜில்லெற் தீட்டுதலை ஒழித்தார் என்பதும் முழு உண்மையன்று. அதனை வீட்டிலிருந்தும் சவரக் கடையிலிருந்தும் எடுத்துத் தொழிற்சாலைப் பொறிக்குள் வைத்தார் என்பதே பொருந்தும். முன்னர் தீட்டத் தெரியாதவன் தெரிந்தவனிடம் சென்றான். பின்னர் கடைக்குச் சென்றான். சார்ந்திருத்தல் மறையவில்லை, சார்ந்திருக்கும் இடமே மாறியது. இம்மாற்றம் மக்களுக்குப் பெரும் வசதியைத் தந்ததென்பதை மறுப்பதற்கில்லை.

எமது சமூகத்திலோ இத்திறன் சாதியோடு பிணைக்கப்பட்டிருந்தது. நாள்தோறும் பிறரது கழுத்திலே நுண்ணிய உருக்கை இதமாக நடத்திய கைகள் தாழ்ந்தவையெனக் கருதப்பட்டன. அக்கைகள் கல்லைத் தெரிந்த விதத்தையும் வாயைச் சோதித்த விதத்தையும் எழுதிவைக்கக் கல்விமான்கள் முன்வரவில்லை. அலகு மாற்றும் கத்தி சவரக் கடைகளுக்கு வந்தபோது, எழுதப்படாத அவ்வறிவும் பெரும்பாலும் அகன்றுவிட்டது.

2020இல் மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவக ஆய்வாளர், தன்னைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையான மயிரினாலே உருக்கின் வாய் நுண்ணியதாய்ச் சிதறுவது எவ்வாறென இலத்திரன் நுணுக்குக்காட்டியின் துணையுடன் விளக்கினர். கத்தி மழுங்குவது தேய்வினால் மட்டுமன்று, மயிர் வாயைச் சந்திக்கும் கோணத்தினாலும் உருக்கின் ஒருசீரின்மையாலும் எழும் சிதறலினாலுமாகும் என்பது அவர்களது முடிவு. மழுங்கிய வாயை நாள்தோறும் கல்லிலும் தோலிலும் மீட்டெடுத்த தொழிலாளிக்கு இவ்விளக்கம் தெரிந்திருக்க நியாயமில்லை. எனினும் அதன் பயனை அவன் கை அறிந்திருந்தது. எழுதப்பட்ட அறிவையே அறிவெனக் கொள்ளும் வழக்கத்தை விடுத்து, இன்னும் எஞ்சியிருக்கும் முதிய தொழிலாளரிடம் சென்று கேட்டு எழுதுதல், வரலாறு பயிலும் மாணவர்களாகிய நாம் காலந்தாழ்த்தாது ஆற்றவேண்டிய பணியாகும்.