சம்பளம் இருந்தது, வறுமையும் இருந்தது

தொண்ணூறுகளின் முற்பகுதியில், பத்திரிகைத் தொழிலுக்கு நான் வந்த புதிதில், சம்பளப் பிரச்சினை பற்றிச் செய்தி சேகரிக்க நுவரெலியா மாவட்டத் தோட்டமொன்றுக்கு அனுப்பப்பட்டேன். லயத்து வாசலில் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த அம்மா ஒருவரிடம் சம்பளம் பற்றிக் கேட்டேன். “சம்பளம் வருது தம்பி. ஆனா இந்தக் காம்பராவுல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் தொரைகிட்ட கேக்கணும்” என்றார். செய்திக்கு வேண்டியது சம்பளத் தொகை மட்டுமே. ஆணியைப் பற்றி நான் எழுதவில்லை. அது தவறென்பதைப் பின்னாளில் புள்ளிவிபரங்களே எனக்குக் கற்பித்தன.

இலங்கையின் உத்தியோகபூர்வ வறுமைக்கோடு 2004 இல் வகுக்கப்பட்டது. அதனைப் பின்னோக்கி 1990/91 ஆம் ஆண்டு ஆய்வுக்குப் பொருத்தியபோது, கிராமப்புறத்தில் வறியோர் 29 சதவீதத்துக்கு மேல், தோட்டப்புறத்தில் 20.5 சதவீதம் மட்டுமே. தோட்டத் தொழிலாளி கிராமத்து விவசாயியைவிட வசதியானவர் என்று எண்கள் கூறின! காரணம் எளிது. தோட்டக் குடும்பத்தில் கணவன், மனைவி இருவருமே பெயர் பதிந்து வேலை செய்வர். 1984 இல் பெண்களுக்குச் சமசம்பளமும் கிடைத்தது. வறுமைக்கோடு அளந்தது செலவழிக்கும் ரூபாவை. ஒற்றை அறையையும், பொதுப் பீலியையும், பல லயங்களுக்குப் பொதுவான மலசலகூடத்தையும், ஐந்தாம் வகுப்போடு நின்ற பாடசாலையையும் அது அளக்கவில்லை.

இவற்றைச் சம்பளத்தால் வாங்க முடியாது, அரசு தரவேண்டும். அரசோ இம்மக்களைத் தன்னவர்களாகக் கொள்ளவில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949 இல் வாக்குரிமையும் பறிபோனது. அதன்பின் நடந்த பொதுத்தேர்தல் முதல், 1977 இல் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா - மஸ்கெலியாத் தொகுதியில் தெரிவாகும்வரை, பாடசாலைக்கும் குடிநீருக்கும் அவர்கள் சார்பில் குரலெழுப்பத் தேர்தலில் வென்ற பிரதிநிதி ஒருவர் இருக்கவில்லை. நாடற்ற நிலையை முற்றாக நீக்கும் சட்டம் 2003 இலேயே வந்தது. வாக்கில்லாத வீட்டுக்குப் பாதை வருவதில்லை என்பதே இவ்வரலாற்றின் சுருக்கம்.

ரூபாக் கணக்கும் நிலையாக இருக்கவில்லை. தோட்டப்புற வறுமை 1995/96 இல் 38.4 சதவீதமாயிற்று; 2006/07 இலும் 32 சதவீதம். அடுத்த ஆய்வில், 2009/10 இல், 11.4 ஆக வீழ்ந்து, 2016 இல் 8.8 ஆனது. மூன்றாண்டுகளில் ஒரு சமூகத்தின் வறுமை மூன்றிலொன்றாகச் சுருங்கியதா என வியந்தவர்களில் நானும் ஒருவன். வறுமைக்கோட்டைப் புதுப்பித்து 2019 இல் அளந்தபோது, தோட்டப்புறத்தில் மூவரில் ஒருவர் வறியவர் எனத் தெரிந்தது.

வடக்கு, கிழக்கின் கதை வேறு. அங்கு அளவுகோலே செல்லவில்லை. யுத்தத்தினால் 1990/91, 1995/96, 2002 ஆகிய மூன்று ஆய்வுகளிலும் இவ்விரு மாகாணங்களும் இடம்பெறவில்லை. எல்லா மாவட்டங்களையும் உள்ளடக்கிய 2012/13 ஆய்வில், நாட்டின் சராசரி 6.7 சதவீதமாக இருக்க, முல்லைத்தீவில் 28.8 சதவீதம். அதுவரை ‘தேசிய’ வறுமை எனப் பத்திரிகைகளில் நாங்கள் தலைப்பிட்டது நாட்டின் ஒரு பகுதியின் வறுமையையே.

கல்வி, சுகாதாரம், வாழ்க்கைத்தரம் ஆகிய மூன்றையும் சேர்த்து அளக்கும் பல்பரிமாண வறுமைச் சுட்டி 2010 இல் ஐக்கிய நாடுகளின் மனித அபிவிருத்தி அறிக்கையில் அறிமுகமானது. இலங்கைக்கான சுட்டியைத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019 ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு 2022 இல் வெளியிட்டது. நாட்டில் ஆறுபேரில் ஒருவர் பல்பரிமாண வறியவர். தோட்டப்புறத்திலோ ஏறக்குறைய இருவரில் ஒருவர். 1990/91 இல் கிராமத்தைவிட மேலே நின்ற தோட்டம், அளவுகோல் மாறியதும் அடியில் நின்றது. ஒரே இரவில் நேர்ந்த வீழ்ச்சியன்று அது. நாம் பாராதிருந்ததைச் சுட்டி பார்த்தது, அவ்வளவே.

தோட்டக் காணிகள் 1972 இலும் 1975 இலும் அரசுடைமையாகி, 1992 இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குச் சென்றன. லயத்தில் பிறந்தவருக்கு அந்த அறை சொந்தமாகவில்லை. இன்றும் பெரும்பாலோரின் நிலை அதுவே. அன்று அந்த அம்மா கூறிய ஒரு வாக்கியத்தில் இவ்வளவும் இருந்தது. செய்தியாளனாகிய நான் சம்பளத் தொகையை மட்டும் குறித்துக்கொண்டு திரும்பினேன்.