வெற்றிலை இல்லாத வாய்

பெரியம்மா வெறும் வாயை மென்றுகொண்டே இருப்பாள். மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரியவள். புத்தி பேதலித்துவிட்டது என்று கணவன் வீட்டார் கொண்டுவந்து விட்ட பிறகு இரும்பையிலேயே தங்கிவிட்டாள். மாத்திரை தொடங்கியதும் காதில் கேட்ட குரல்கள் அடங்கின. தூங்கினாள், உலை வைத்தாள். சில வருடங்கள் கழித்து உதடு தானாகச் சப்புக்கொட்ட ஆரம்பித்தது. நாக்கு வெளியே எட்டிப் பார்த்து உள்ளே போகும். ஒரு கல்யாணப் பந்தியில் ‘வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்’ என்று எழுப்பிவிட்டார்கள். கடுவெளிச் சித்தரின் சாபத்தால் எங்கள் மாகாளேசுவரர் கோயில் லிங்கம் வெடித்ததாகக் கதை உண்டு. அந்தச் சாபத்தின் மிச்சம் இவள் வாயில் என்றார்கள். மாதாமாதம் மாத்திரை எழுதித் தந்தவர்களும் அந்த வாயைப் பார்க்கவில்லை. முனைவர் பட்டம் வாங்கிய நானும்தான்.

அதற்கொரு பெயர் இருப்பதை அவள் போன பிறகே படித்தேன்: டார்டிவ் டிஸ்கைனீசியா. தாமதமாக வந்து சேரும் அசைவுக் கோளாறு. 1952இல் பாரிஸில் டிலேயும் டெனிக்கரும் குளோர்புரோமசினை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார்கள். 5 ஆண்டுகளில், 1957இல், ஜெர்மானிய மருத்துவர் ஷோனெக்கர் அம்மருந்து உண்டவர்களின் வாய் தானாக அசைவதைப் பதிவுசெய்தார். 1964இல் டென்மார்க்கில் ஃபார்பி குழுவினர் பெயரிட்டார்கள். மூளையில் டோபமைன் ஏற்பிகளை மருந்து நெடுநாள் அடைத்துவைப்பதால் அவை மிகைக் கூருணர்வு பெற்றுவிடுகின்றன என்பது பரவலான விளக்கம். வயதானவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, ஆபத்து கூடுதல் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன.

இதெல்லாம் எங்கோ நடந்த கதை என்றிருந்தேன். சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனத்தின் தாரா உள்ளிட்டோரும் ஸ்காட்லாந்தின் மெக்ரீடியும் 1996இல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. சென்னையில் 308 பேரின் வாயையும் கைகால்களையும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். மனச்சிதைவுக்கு மருந்து உண்டவர்களில் 41 விழுக்காட்டினருக்கு இந்த அசைவு இருந்தது. நோயே இல்லாதவர்களில் 15 விழுக்காடு. வாழ்நாளில் ஒரு மாத்திரைகூடக் காணாத 21 நோயாளிகளிடம் 38.

இந்த 38 என்னைத் தடுமாறவைத்தது. மருந்துதான் குற்றவாளி என்று எழுதத்தான் உட்கார்ந்திருந்தேன். நோய்க்கும் அதில் பங்குண்டு என்கிறது கணக்கு. ஆனால் மருந்து உண்ணாதவர்களின் சராசரி வயது 65, உண்டவர்களுக்கு 57. முதுமையும் அசைவைக் கூட்டும் என்பதால், மருந்தை முழுக்க விடுவித்துவிடவும் முடியாது. அதைவிட, இத்தனை வயதுவரை ஒரு மாத்திரையும் எட்டாமல் அந்த 21 பேர் எந்தத் திண்ணையில், எந்தக் கொல்லையில் கிடந்தார்கள்? அட்டவணை அதைச் சொல்வதில்லை.

அசைவை அளக்க 1976இல் அமெரிக்காவில் வெளியான ‘எய்ம்ஸ்’ என்ற அளவுகோல் உண்டு (டெல்லி மருத்துவமனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை). பத்து நிமிட வேலை. ஒரு நாற்காலி போதும். வாயில் ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று தொடக்கத்திலேயே கேட்க வேண்டும். பல் எப்படி இருக்கிறது, வாயோ கைகாலோ தானாக அசைவது தெரிகிறதா, தொந்தரவாக இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். நாக்கை நீட்டச் சொல்லி, விரல்களைக் கட்டைவிரலில் தட்டச் சொல்லி, நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு வீட்டில் யாருடைய மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் நோய் திரும்பலாம்; அசைவும் கூடலாம். சீக்கிரம் கண்டுகொண்டால் மருத்துவரால் அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ முடியும். இந்த அசைவுக்கென்றே இரண்டு மருந்துகளுக்கு 2017இல் அமெரிக்கா அனுமதி தந்தது.

தொந்தரவாக இருக்கிறதா என்று பெரியம்மாவை யாரும் கேட்டதில்லை. எங்கள் வீட்டுக் கல்யாணப் படங்களில் அவள் கடைசி வரிசையில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.